நின்றுபோகும் அணில்

உ
சிவமயம்

ஆடி 3, சனி

விடியலிலிருந்து சாரல். மேற்கே மலை இருக்கிறதா என்றே தெரியவில்லை. கொடியில் கிடக்கும் வேட்டிகள் காய்வதாக இல்லை. ஈரத் துணியின் வாடை பூசை அறை வரை வந்துவிட்டது.

நீராடல், திருநீறு, பதிகம். பிறகு பூத் தொடுத்தல். பிச்சிப்பூ. படத்துக்குச் சார்த்துவதற்குள் பாதி உதிர்ந்து போயிற்று. எத்தனை முயன்றும் முடிச்சு என் விரலுக்கு வசப்படவில்லை. கோமதி நாற்காலியில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை. மணமாகி வந்த நாள் முதல் இவ்வீட்டில் சுவாமிக்குப் பூத் தொடுத்த கை அவளுடையது.

அந்த வலக் கைக்கு மாவுக்கட்டுப் பிரித்தாயிற்று. ஐந்தருவியில் குளித்துவிட்டு வரும்போது படி வழுக்கி, ஊன்றிய கை. எலும்பு கூடிவிட்டது என்கிறார் மருத்துவர். விரல்கள்தாம் மடங்க மறுக்கின்றன. கரண்டி நிற்கவில்லை. பேனா நிற்கவில்லை. தலைவாருவது பக்கத்து வீட்டம்மாளின் தயவில்.

கைப்பயிற்சி அளிக்கும் பிந்து செங்கோட்டையிலிருந்து ஸ்கூட்டரில் நனைந்துகொண்டே வந்தாள். நல்ல பெண். பொறுமை மிக்கவள். ரப்பர்ப் பந்தை அமுக்கச் சொன்னாள். கோமதி அதை வாங்கி மேசைமேல் வைத்து, தெருநாய்க்குட்டிக்குப் போட்டால் அதுவாவது சந்தோஷப்படும் என்றாள். தாம்பாளத்தில் அரிசியைப் பரப்பி விரலால் எழுத்து எழுதிப் பழகச் சொன்னாள் பிந்து. அரிசியில் எழுதும் வயது தனக்கு முடிந்து ரொம்ப நாளாயிற்று என்று பதில்.

பிந்து வாசலில் மழைக்கோட்டை மாட்டிக்கொண்டே என்னிடம் தணிந்த குரலில்:

"வெறுதே வச்சிட்டிருந்தா விரல் இப்படியே உறைஞ்சு போயிரும் சார். பிறகு நாம என்ன செஞ்சாலும் மடங்காது. இந்த மாசம்தான் கணக்கு. அம்மாவுக்குப் பிடிச்ச வேலை ஏதாவது ஒண்ணு குடுங்க."

உள்ளே போய், உனக்குப் பிடித்தது என்ன என்று நேராகவே கேட்டேன். சற்று யோசித்தாள்.

"அந்த அணில் ஆட்டம் இருந்தா ஆடுவேன்."

எங்கள் மகன் சங்கர் பள்ளியில் படித்த காலத்தில் வாங்கிய கணினியில் இருந்த விளையாட்டு. ஒரு மாமரம். அதில் ஓர் அணில். அம்புக்குறி விசைகளை அழுத்தினால் ஏறும், இறங்கும், கிளை மாறும். அடிவரிசையில் உள்ள நீள விசையைத் தட்டினால் தாவும். பழத்தைப் பிடித்தால் 'டுங்' என்று ஓசை. மேலிருந்து பாம்பு இறங்கி வரும். சங்கருக்கு அது ஒரு வாரத்தில் சலித்தது. கோமதிக்குச் சலிக்கவில்லை. மதிய உணவுக்குப்பின் அந்த டுங் ஓசை கேட்டுக்கொண்டேதான் நான் கண்ணயர்வேன்.

கைப்பேசியில் எத்தனையோ விளையாட்டுகள் இருக்கின்றனவே என்றேன். "அதுல ரெண்டு தட்டு தட்டுறதுக்குள்ள சோப்பு விளம்பரம் வருது. எனக்கு அணில்தான் வேணும்."

யோசித்துப் பார்த்தால் இதில் பொருள் உண்டு. நீள விசைக்கு இடக் கை. அம்புக்குறிகள் பலகையின் வலக் கோடியில். அவற்றுக்கு வலக் கையின் மூன்று விரல்கள். பூத் தொடுக்கும் அதே மூன்று. பிந்துவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். பந்தை விட அது நல்லது என்றாள்.

சங்கர் கல்லூரிக்குப் போகும்முன் பழைய கணினியில் இருந்தவற்றைக் குறுந்தகட்டில் இட்டு வைத்திருந்தான். பழைய பஞ்சாங்கங்களுக்கு நடுவே கிடைத்தது. பதிகம் கேட்பதற்கென்று வாங்கிய வட்டுப் பெட்டியில் இட்டு, அதை மடிக்கணினியோடு இணைத்து, என் கோப்புகள் யாவும் இருக்கும் இடத்திலேயே படியெடுத்து வைத்தேன். அணிலின் மேல் இருமுறை தட்டினேன்.

'இச்செயலியை உங்கள் கணினியில் இயக்க இயலாது.'

காரணம் கூறும் மரியாதை இல்லை. அவ்வளவுதான்.

எரிவாயு உருளைக்குப் பதிய வேண்டும்.


ஆடி 4, ஞாயிறு

சாரல். குரங்கு வந்து குளியலறைச் சோப்பை எடுத்துப் போயிற்று.

புனேயில் இருக்கும் சங்கரிடம் பேசினேன். முதலில் சிரித்தான். பிறகு விளக்கினான். அந்த விளையாட்டு எழுதப்பட்டது பழைய வகைக் கணினிக்கு. புதியதற்கு அதன் பேச்சு புரியாது. ஆகவே, புதிய கணினிக்குள்ளேயே பழைய கணினியைப் போல வேடம் கட்டும் நிரல் ஒன்று இலவசமாகக் கிடைக்கிறது. அதை இறக்கி, அணிலை இழுத்து அதன் மேல் போட்டால் போதும்.

கூத்தில் வேடம் கட்டுகிறவனை அறிவேன். இயந்திரம் இயந்திரமாகவே வேடம் கட்டுவது இப்போதுதான் கேள்வி.

இறக்கினேன். நிறுவினேன். அணிலை இழுத்துப் போட்டேன். கறுப்புச் சாளரம் ஒன்று திறந்தது; அதில் ஏதோ ஒரு வரி; மறு இமைப்பில் மறைந்தது.

மறுபடி. மறைந்தது.

நின்றுகொண்டு போட்டேன். உட்கார்ந்துகொண்டு போட்டேன். மெதுவாக இழுத்தேன், வேகமாக இழுத்தேன். திறப்பதும் மூடுவதும். திரை போட்ட சந்நிதியில் எட்டிப் பார்ப்பவன் நிலை எனக்கு.

சங்கரிடம் மீண்டும். கணினியை ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னான். மகனைப் படிக்க வைத்ததன் பயன் இந்த ஒரு வாக்கியம். அணைத்தேன், போட்டேன். அதே.

அடுக்களை வாசலிலிருந்து கோமதி: "அந்தப் பெட்டிய அப்பிடி முறைச்சுப் பாத்தா அது பயந்து வேலை செஞ்சிருமா?"

இரவுக்கு ரசம், அப்பளம். ரசம் நான் வைத்தது. அவள் இடக் கையால் உண்டாள். புளி கூடிவிட்டது என்று எனக்கே தெரிந்தது.


ஆடி 5, திங்கள்

மழை சற்று ஓய்வு. வேட்டி ஒன்று காய்ந்தது.

கடைக்கு: வெந்தயம், கடுகு, சோப்பு (குரங்கின் கணக்கு), வலித்தைலம், பச்சரிசி. சீட்டைப் பக்கத்து வீட்டு முத்துப்பாண்டியிடம் கொடுத்தேன். காவல்துறையில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் எனக்கு அவர் ஏட்டையாதான். அவருக்கு நான் அண்ணாச்சி. சீட்டைப் பார்த்துவிட்டு, "வெந்தயத்துக்குமா அண்ணாச்சி பிள்ளையார் சுழி?" என்றார். கோமதி உள்ளிருந்தே, கரண்ட் பில் ரசீதுக்குப் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள், அதிலும் இருக்கும் என்றாள். இருவருக்கும் சிரிப்பு.

தென்காசியில் தேரடிப் பக்கம் ஒரு கணினிக் கடை. மடிக்கணினியைச் சுமந்துகொண்டு போனேன். கடைக்காரர் அணிலைப் பார்க்கவே இல்லை. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றித் தருகிறேன் என்றார். வயிற்று வலி என்று போனவனிடம் வயிற்றையே எடுத்துவிடலாம் என்றதுபோல. என் பதிக ஒலிப்பதிவுகள், வரி ரசீதுகள், பேத்தியின் படங்கள் எல்லாம் அதில். திரும்பி வந்துவிட்டேன்.

வாசலில் ஏட்டையா காத்திருந்தார். தம் மருமகன் ஆலங்குளத்தில் கணினிப் பயிற்சி மையம் நடத்தி மூடினானாம். அங்கே பழைய கணினி ஒன்று கிடக்கிறதாம். "வேஷம் எதுக்கு அண்ணாச்சி, அசல் ஆளையே தூக்கிட்டு வந்திருவோம்" என்றார். காவல்துறைக்காரரின் தீர்வு. ஆயினும் மனம் ஆசைப்பட்டது.


ஆடி 6, செவ்வாய்

ஆலங்குளம். பேருந்தில் நின்றபடி. மலையை விட்டு விலகியதும் மழை இல்லை. அங்கே வெயில், புழுதி. ஒரே மாவட்டம், இரண்டு பருவம்.

பயிற்சி மையம் இப்போது தையற்கடை. பழைய கணினி இருந்தது. அதன் மேல் தையல் இயந்திரத்துக்கான எண்ணெய்ப் புட்டியும் கத்தரிக்கோலும். மூடியைத் திருகிப் பார்த்தோம். உள்ளே பாகம் ஒன்றுமில்லை. யாரோ ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொண்டு போயிருக்கிறார்கள். மிச்சம்: பல்லி முட்டைகள், ஒரு தையல் ஊசி.

ஏட்டையா மருமகனைப் போனில் கூப்பிட்டு, "ஏலே, உள்ள என்ன இருக்குன்னு பாக்காமயா எங்கள வரச் சொன்ன?" என்று தொடங்கி, பேருந்து நிலையம் வரை பேசிக்கொண்டே வந்தார். அவ்வளவும் எழுதத் தக்கதன்று.

திரும்பும்போது பாவூர்ச்சத்திரம் தாண்டி மழை. குடை ஆலங்குளத்துத் தையற்கடையில்.

என்ன கிடைத்தது என்று கோமதி கேட்டாள். பல்லி முட்டை என்றேன். வலக் கையை மடியில் மலர்த்தி வைத்திருந்தாள். அவள் அறியாமல் பார்த்தேன். விரல்கள் நேராக, ஒன்றையொன்று அறியாதவைபோல.


ஆடி 8, வியாழன்

அமாவாசை. நேரத்தோடு எழுந்து குற்றாலம். பேரருவியில் கூட்டம் சொல்லி மாளாது. தருப்பணம் முடித்தேன். ஈரத்துடன் கோயிலுக்கு. நெரிசலில் ஒருவர் காலை மிதித்துவிட்டு, என்னைப் பார்த்து "மெதுவாப் போங்க பெரியவரே" என்றார்.

முற்பகல் முழுதும் கணினியைத் தொடவில்லை. விரதம். அந்த அமைதியும் ஒரு பயன்.

பிற்பகல் ஏட்டையா வந்தார். ஆலங்குளப் பிழைக்குப் பரிகாரம் செய்யும் நோக்கம். கறுப்புச் சாளரத்தை நான் திறக்க, அவர் தம் கைப்பேசியில் படம் பிடித்தார். குற்றவாளி ஓடும் தடத்தைப் பதிவு செய்யும் முறை. படத்தை நிறுத்தி, விரலால் பெரிதாக்கினோம். மின்னலில் தெரிந்த அந்த ஒரு வரி கிடைத்துவிட்டது. ஆங்கிலம். தமிழில் எழுதி வைக்கிறேன்:

டி : \ ? \ அணில் — இவ்வழி காணப்படவில்லை.

டி என்பது என் கோப்புகள் உள்ள வட்டு. அணில் என்பது அணில். நடுவே கேள்விக்குறி எதற்கு? இயந்திரம் என்னை ஏதோ கேட்கிறது. எதைக் கேட்கிறது என்று சொல்லாமல் கேட்கிறது. ஏட்டையா தமது பணிக்காலத்தில் இப்படிக் கேட்டே பலரை ஒப்புக்கொள்ள வைத்திருப்பதாகச் சொன்னார்.


ஆடி 9, வெள்ளி

பிச்சி கிடைக்கவில்லை. அரளி. அரளிக்கும் முடிச்சு நிற்கவில்லை.

பகல் முழுதும் அந்தக் கேள்விக்குறியுடன். செய்தவை:

அணிலை அழித்து, குறுந்தகட்டிலிருந்து மீண்டும் படியெடுத்தேன். கேள்விக்குறி.

வேடதாரி நிரலை நீக்கி, மீண்டும் நிறுவினேன். கேள்விக்குறி.

அணில் என்பதற்குச் சங்கர் இட்ட ஆங்கிலப் பெயரை மாற்றி வேறு பெயர் இட்டேன். அப்பெயர் வந்தது. முன்னே கேள்விக்குறி.

வைரஸ் தடுப்பை நிறுத்தினேன். கேள்விக்குறியுடன், ஆபத்து என்று சிவப்பு எழுத்தில் வேறு ஓர் எச்சரிக்கை.

வெண்பாவில் தளை தட்டினால் எந்தச் சீரில் தட்டுகிறது என்று காட்டிவிடலாம். அடுத்த சீரைத் திருத்தினால் தீரும். இங்கோ தட்டுகிற இடத்தைக் காட்டுகிறது. அங்கே இருக்கும் சீர் எது என்பதை மறைக்கிறது. இத்தனை ஆண்டு இலக்கணம் படித்தும் ஓர் அணிலை மரத்தில் ஏற்ற முடியவில்லை.

பிந்து வந்தாள். சுட்டுவிரலை மடக்கி, சிறு கோணமானி ஒன்றால் அளந்து பார்த்தாள். போன முறை இருந்த அளவே என்று முகத்தில் எழுதியிருந்தது. வாயால், நல்லா வருது அம்மா என்றாள். கோமதி முகத்தைத் திருப்பி, மழை விட்டதா என்று என்னைக் கேட்டாள். அவள் புரிந்துகொண்டுவிட்டாள்.

பிந்து போனபின் மேசைமேல் இருந்த பந்தை எடுத்து இடக் கையாலேயே சன்னல் வழி எறிந்தாள். தென்னை மூட்டில் விழுந்து கிடக்கிறது. எடுக்கப் போனேன், எடுக்க வேண்டாம் என்றாள்.

இயந்திரத்தின் மேல் எனக்கு இன்று வந்த கோபம் அறத்துக்கு ஒவ்வாதது. எழுதி வைப்பது அதனால்தான்.


ஆடி 10, சனி

சாரல் பலமாக. காலையில் மின்சாரம் இல்லை. வந்தது. போயிற்று. வந்தது.

நடந்ததை வரிசையாகவே எழுதுகிறேன்.

ஏட்டையா தம் படத்தை என் கைப்பேசிக்கு அனுப்பியிருந்தார். அதை மேசைமேல் வைத்து, கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோமதி வந்து பக்கத்தில் அமர்ந்தாள். கைப்பேசியை இடக் கையால் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"இது என்ன, வீட்டு விலாசம் மாதிரி இருக்கு."

ஆம், வழி என்றேன். முதலில் வட்டு. பிறகு கோப்புறை. பிறகு அணில்.

"அப்போ நடுவுல இருக்கது உங்க போல்டரா?"

ஆம்.

"அது பேரு என்ன வச்சிருக்கீங்க?"

விடை சொல்ல வாயெடுத்தேன். சொல் வெளியே வருவதற்கு முன்பே விளங்கிவிட்டது. கணினி வாங்கிய அன்று முதல் வேலையாக நான் செய்தது அது: வெற்று வட்டில் பிள்ளையார் சுழியை மட்டும் பெயராக இட்டு ஒரு கோப்புறை. மற்ற அனைத்தும் அதனுள். பதிகம், ரசீது, பேத்தி, எல்லாம் அவர் நிழலில். புதிய நிரல்கள் அனைத்தும் அதை அறியும். அணில் வந்த காலத்து இயந்திரத்துக்குத் தமிழ் எழுத்தே தெரியாது. தெரியாத எழுத்தைக் கண்டால் அது இடும் குறி கேள்விக்குறி.

"பிள்ளையார் சுழி" என்றேன்.

கோமதி சிரிக்கவில்லை. அதற்கு நன்றியுடையேன். கைப்பேசியை என் பக்கம் தள்ளி, "அப்போ இவ்வளவு நாளா அது 'இவரு யாரு'ன்னுல்லா கேட்டுக்கிட்டு இருந்திருக்கு" என்றாள். பிறகுதான் சிரித்தாள். கைமுறிந்த பின் இப்படிச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

தீர்வு எளிது. அணிலை வெளியே எடுத்து, சுழியில்லாத கோப்புறை ஒன்றில் வைக்க வேண்டும்.

வைக்கவில்லை. பூசை நேரம் என்று எழுந்துவிட்டேன். பூசை நேரம் இல்லை.


ஆடி 11, ஞாயிறு

இரவு உறக்கம் இல்லை. காலையில் கண் எரிச்சல்.

எதையும் அந்தக் குறி இன்றித் தொடங்கியதில்லை. தந்தி அடிக்கப் போன காலத்தில் படிவத்தின் மேல்மூலையில் இட்டதுண்டு. அஞ்சலக எழுத்தர் அதற்கும் கட்டணமா என்று குழம்பினார். மருத்துவமனையில் கோமதியின் கைச் சிகிச்சைக்கு ஒப்பம் இட்ட தாளிலும் முதலில் அதுதான். அவள் கை சம்பந்தப்பட்ட இந்தக் காரியத்திலா அதை விடுவது? இடையூறு நீக்குபவரை இடையூறு என்று நானே எடுத்து அப்பால் வைப்பதா?

சங்கரிடம் கேட்டேன். ஆங்கிலத்தில் 'யு' என்று போட்டுக்கொள்ளுங்கள் அப்பா, ஒலி ஒன்றுதானே என்றான். அவனுக்கு என்ன சொல்வது? ஒலி அன்று அது. சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிட்டேன்.

மறுபக்கம்: அவ்வியந்திரம் இகழ்ந்து கேட்கவில்லை. அறியாமல் கேட்கிறது. அதைச் செய்தவர்கள் இந்த எழுத்தைக் கண்டதில்லை. அறியாமையோடு என்ன வழக்கு? ஆனாலும்.

பகலுணவுக்குப்பின் இதையெல்லாம் கோமதியிடம் சொன்னேன். சுருக்கமாகத்தான் தொடங்கினேன். நீண்டுவிட்டது. அவள் மோர்ச் சோற்றை இடக் கையால் அள்ளிக்கொண்டே கேட்டாள். கடைசியில்:

"நம்ம தெருமுக்குப் பிள்ளையாரு வெளியதான உக்காந்திருக்காரு. எல்லாரும் அங்கன கும்பிட்டுட்டு அவங்க அவங்க வீட்டுக்குள்ள போகுதாங்க. உள்ள வந்து உக்காந்தாதான் அருள்வேன்னா சொன்னாரு?"

எந்தச் சாத்திரத்தில் தேடினாலும் அப்படிக் கிடைக்காது.

தெருமுனை வரை நடந்து, பிள்ளையாரைத் தொழுது, குட்டிக்கொண்டு வந்தேன். அணிலை வெளியே எடுத்தேன். புதுக் கோப்புறைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயர், இன்றியமையாத அளவு மட்டும். இழுத்துப் போட்டேன்.

சாளரம் திறந்தது. மூடவில்லை. மாமரம்.

கோமதி நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்வதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. அணில் மரத்தில் ஏறியதா, பாம்பு எப்போது வந்தது, ஒன்றும் தெரியவில்லை. மீண்டும். ஒரு கோடு மேலே போயிற்று, ஒரு கோடு கீழே வந்தது, முடிந்தது. பழைய இயந்திரத்தின் நடைக்கு எழுதியதைப் புதியது ஓட்டமாக ஓட்டுகிறது.

"இது அணிலா, ராக்கெட்டா?"

நாளைக்கு என்று மூடி வைத்தேன். கழுத்து வலி. வலித்தைலம்.


ஆடி 12, திங்கள்

ஆடிப்பூரம். சதுர்த்தியும் சேர்ந்து வந்திருக்கிறது. வெயில் அடித்துக்கொண்டே சாரல்.

பக்கத்து வீட்டம்மாள் அம்மன் சந்நிதியில் வைத்து எடுத்த கண்ணாடி வளையல் கொண்டு வந்தார். இடக் கைக்கு ஏறின. வலக் கைக்கு, பெருவிரல் மடங்காமல் ஒன்றும் ஏறவில்லை. அவர் வற்புறுத்தாமல் விசைப்பலகை அருகே வைத்துவிட்டுப் போனார். பச்சை.

சங்கர் காலையில் தானே கூப்பிட்டான். கட்டுப்பாட்டு விசையையும் இன்னொன்றையும் சேர்த்து அழுத்தினால் வேடதாரியின் வேகம் குறையுமாம். அழுத்தினேன். குறைந்தது. இன்னும். இன்னும். பழைய வேகம் வந்ததும் நிறுத்தப் போனேன். கோமதி, இன்னும் கொஞ்சம் என்றாள். குறைத்தேன். அணில் இப்போது எங்கள் வயதுக்கு நடந்தது. பாம்பும் அவ்வண்ணமே.

முதலில் இடக் கையாலேயே எல்லாம் செய்யப் பார்த்தாள். அம்புக்குறிக்கும் நீள விசைக்கும் அந்தக் கை மாறி மாறி ஓடியது. பாம்பு கொன்றது. மறுபடி. பாம்பு கொன்றது. நான் பந்தைப் பற்றியோ பிந்துவைப் பற்றியோ ஒரு சொல் சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பாள்.

மூன்றாம் முறை, பாம்பு இறங்கிக்கொண்டிருக்கையில், வலக் கை தானாக வந்து அம்புக்குறிகளின் மேல் அமர்ந்தது. அமர்ந்தது என்பது பெரிய சொல், கிடந்தது. நடுவிரல் ஒருமுறை அழுந்தியது. வலியில் உதட்டைக் கடித்தாள். அணில் ஒரு கிளை ஏறிற்று. இடக் கை நீள விசையைத் தட்டியது. தாவல். பழம்.

டுங்.

அவள் திரையை விட்டுக் கண் எடுக்கவில்லை. நான் எடுக்க வேண்டியிருந்தது; கண்ணாடியைத் துடைத்தேன்.

அடுத்த பழத்தில் டுங் என்ற ஒலி தொடங்கி, முடியாமல், ஒரே இழுப்பாக இழுத்து, அணில் பழத்தோடு நின்றுவிட்டது. ஒலி அட்டைக் கோளாறு. ஓசையை அணைத்துவிட்டு ஆடலாம் என்றேன். "டுங்னு கேக்காட்டி அது என்னத்துக்கு?" ஆகவே அமைப்புகளுக்குள் போனேன். பட்டியலில் பல பழைய ஒலிப் பெட்டிகளின் பெயர்கள். ஒவ்வொன்றாக. ஒன்றில் ஊமை. ஒன்றில் இரைச்சல். ஒன்றில் டுங் வந்தது, சற்றே தடித்த குரலில். ஜலதோஷம் பிடித்த மாம்பழம் என்றாள் கோமதி.

மறுபடி ஆடத் தொடங்கும்முன் நான் தயங்கி நின்றதைக் கண்டிருக்க வேண்டும். என்ன என்றாள். ஒன்றுமில்லை என்றேன். என் முகத்தைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள்.

"குங்குமச் சிமிழை எடுங்க."

எடுத்து வந்தேன். இடக் கைக்கு நீட்டினேன். அவள் வலக் கையை நீட்டினாள்.

சுட்டுவிரல் சிமிழுக்குள் இறங்கப் பட்ட பாடு. இறங்கிற்று. கணினியின் மேற்சட்டத்தில், திரைக்கு வெளியே, நடுவாக விரலை வைத்தாள். சுழித்தாள். சுழி கூடிற்று. பின் கீழே இறங்கி வலப்புறம் இழுக்க வேண்டிய கோடு நடுங்கி, சட்டத்தை விட்டு வழிந்து, மாமரத்தின் உச்சிக் கிளையைத் தொட்டு நின்றது. மாவுக்கட்டுப் பிரித்த பின் அந்தக் கை எழுதிய முதல் எழுத்து.

"கோணலா இருக்கு."

இல்லை என்றேன்.

"இருக்கு. நாளைக்கு நேரா போடுதேன். துடைக்காதீங்க."

துடைக்கவில்லை. திரையில் கொஞ்சம் குங்குமம் கிடக்கிறது. அணில் அவ்வழியாகத்தான் ஏறி இறங்குகிறது.

நான் இதை எழுத இங்கே வந்து அமர்ந்திருக்கிறேன். அங்கே டுங், இடைவெளி, டுங். பிந்துவுக்குச் சொல்ல வேண்டும். தென்னை மூட்டுப் பந்தை எடுத்துக் கழுவி வைக்க வேண்டும், சொல்லாமல். ஆலங்குளத்துக் குடை. எரிவாயு இன்னும் பதியவில்லை.

கூப்பிடுகிறாள். அணில் மறுபடியும் நின்றுவிட்டதாம்.